காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளிநாட்டு முதியோர் இல்லம் ஒன்றுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள். ஒரே ஒரு ஆள். அந்த ஊர்ப் பாஷை கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டுமாம். கொஞ்சமென்ன கொஞ்சம். டியூட்டி முடித்து ஆறு மாதம் வகுப்புக்கு ஓடி, இலக்கணப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் நான். பரீட்சையில் தொண்ணூற்றாறு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மனப்பாடம் பண்ணித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

என்னோடு விடுதி அறையில் இருக்கும் வாயாடி வெறும் டிப்ளமோ. அதே பரீட்சையில் ஐம்பத்திரண்டு. புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குவாள். துணி துவைக்கும்போது அந்தப் பாஷையில் பக்கெட்டோடு பேசுவாள்.

"தப்புத் தப்பாப் பேசுறியே, வெக்கமா இல்ல?"

"பக்கெட்டு கோவிச்சுக்கலக்கா."

நேர்காணல் கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் இருந்த வெள்ளைமுடிக்கார அம்மாள், உன்னைப் பற்றிச் சொல் என்றாள். பதினான்கு வாக்கியம் தயாராக இருந்தது. ஐந்தாவதில் குறுக்கிட்டு, உன் வார்டில் எத்தனை படுக்கை என்றாள். கேள்வி புரிந்தது. முப்பத்திரண்டு என்று சொல்லவும் தெரியும். ஆனால் வாய் முதல் வாக்கியத்துக்கே போய்விட்டது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தேன். அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்து வாயாடி போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இரண்டு பேர் சிரிக்கும் சத்தம்.

"அப்படி என்னடி கேட்டாங்க?"

"பாட்டி சாப்பிட மாட்டேன்னா என்ன செய்வேன்னு. 'நானும் சாப்பாடு இல்ல, ரெண்டு பேரும் கோபம்'னேன். அதுல தப்பு இருக்காக்கா?"

"மூணு."

முடிவு வந்தது. அவள் போகிறாள். மருத்துவச் சோதனையில் அவள் தேறாவிட்டால் நான். அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அந்தப் பொண்ணு மார்க்கு எவ்ளோ?"

"அம்பத்திரெண்டு."

"அப்புறம் எப்படிடி?"

டியூட்டிக்கு நேரமாச்சு என்று போனை வைத்தேன். அறையின் நடுவில் அவள் பெட்டியைத் திறந்து போட்டிருக்கிறாள். பாத்ரூம் போக நான் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்ட வேண்டும். வயிறு எரிகிறது. எரியட்டும். இவ்வளவு படித்தவளுக்கு எரியாமல் வேறு யாருக்கு எரியும்?

இன்று காலை அவள் இருமினாள். சட்டென்று எழுந்து பக்கத்தில் போனேன்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"தொண்டைல லேசாக் கரகரப்பு, அவ்ளோதான்."

நெற்றியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது, பாழாய்ப் போன நெற்றி.

"எங்கம்மாகூட இவ்ளோ அக்கறையா விசாரிச்சதில்லக்கா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் கையை எடுக்கவில்லை. சோதனைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.