மரியம்மாளின் குடம்

...இல்லை, அந்தக் குடத்தையாவது கழற்றி வைத்துவிடலாமா, அண்ணன் உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார், ஹாலுக்கு நடுவில் தொங்குகிறது, பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டு, ஒயர் விட்டு, உள்ளே பல்பு... கழற்ற வேண்டுமானால் ஸ்டூல் மேல் ஏற வேண்டும், ஏறினால் இறங்க வேண்டும், இரண்டுக்கும் இப்போது தெம்பில்லை. புனே ஸ்டேஷனில் ஆட்டோ ஏறிவிட்டேன் என்று அவர் மெசேஜ் அனுப்பி அரைமணி ஆகிறது, ஊரின் இந்தக் கோடியில் இருக்கும் வாகட் வந்து சேர இன்னும் அரைமணியாவது ஆகும். லேப்டாப்பில் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது, மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து என் வீட்டை வாசு அண்ணன் கண்ணால் பார்க்கிறேன். அவர் கண்ணால் பார்த்தால் இது வீடா, பழைய சாமான் கடை.

எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியாதா. விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஐந்து வாரம், தனியாக ஒரு பொம்பளை புனேயில் என்ன செய்கிறாள், கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அம்மா சொல்லியிருப்பாள், கோயமுத்தூரிலிருந்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் சும்மாவா வருவார். வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். வேலை இங்கே இருக்கிறது, வீடு இங்கே இருக்கிறது, பாருங்கள் எவ்வளவு அழகாக வைத்திருக்கிறேன்... காலையிலிருந்து நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், நாலு தடவையும் வரமாட்டேன் என்ற கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். என் பயம் அவர் கூப்பிடுவார் என்பது இல்லை. கூப்பிட்டால் அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேனோ என்பதுதான். அவ்வளவு களைப்பாக இருக்கிறது, பதினாலு மாதக் களைப்பு.

பதினாலு மாதத்துக்கு முன்னால், புருஷனாக இருந்த தருணின் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தபோது இந்த ஹாலில் இருமினால் எதிரொலித்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூனா பஜார் என்கிற பழைய சாமான் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன், உடைந்தது, ஒடிந்தது, யாரோ வேண்டாமென்று தள்ளியது... தையல் மெஷினின் இரும்புக் கால்கள் மேல் கண்ணாடி போட்டால் சாப்பாட்டு மேஜை, சாப்பிடும்போது கால் தானாக மிதித்துக்கொண்டிருக்கும். ராணுவக் கிடங்கில் கழித்துப்போட்ட மரப்பெட்டிகள், மஞ்சள் பெயிண்ட் நம்பரோடு, புத்தக அலமாரி. வாடா என்று இங்கே சொல்கிற பழங்கால முற்றத்து வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த ஜன்னல், கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்தேன், வெளியே பார்க்கிற மாதிரி போய் நின்றால் என் முகமே தெரியும். ஆபீசில் ஷீலா எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போனாள், என்ன கைத்திறன் உனக்கு என்றாள். திறன் இல்லை ஷீலா, வேறு வழி இல்லை என்று சொல்லத் தோன்றியது, சிரித்துவைத்தேன்.

குடம் வாங்கியபோதுதான் கொஞ்சம் தயங்கினேன். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் குத்திய தமிழ் எழுத்து, சூ. மரியம்மாள். கடைக்காரனுக்கு அது ஏதோ பூவேலை, டிசைன் ஹை மேடம் என்றான். இதே ஊரில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த நம் ஆட்கள் யார் வீட்டுப் பெண்ணாகவோ இருக்கும், கல்யாணத்துக்கு அவள் அப்பா அவள் பேரை வெட்டிக் கொடுத்தது, கிழவியாகிச் செத்திருப்பாள், தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் எடைக்குப் போட்டிருப்பார்கள்... செத்தவள்தானே, கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அடியில் ஓட்டை போடச் சொன்னேன்.

பெல் அடித்தது. அண்ணன் இளைத்திருந்தார், அல்லது வயதாகியிருந்தது, தோளில் வாயைத் தைத்த ஒரு சாக்கு. "என்ன அம்மிணி, நல்லாருக்கறயா" என்றார், சாக்கை இறக்கிவைத்தபோது கணகணவென்றது. சுற்றிப் பார்த்தார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், இது தையல் மெஷின், இது ஜன்னல், விற்பனைக்காரி மாதிரி. குடத்துக்குக் கீழே போய் நின்று தலையைச் சாய்த்துத் தலைகீழ் எழுத்தைப் படித்தார். "யாரு இந்த மரியம்மாள்?" "தெரியலைங்ணா." ஏன் கவுத்து வெச்சிருக்கற என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. "நல்லாத்தான் வெச்சிருக்கற" என்றார், அந்த வார்த்தையில் ஒரு நிம்மதி, அது என் நிம்மதி இல்லை. "என்ற பொண்ணு கிருஷ்ணப்ரியாவுக்கு மாப்பிள்ளை பாக்கறோம். நாலு பேர் வந்து போற நேரம். அது முடியற வரைக்கும் நீ ஊர்ப்பக்கம் வராம இருந்தா... தப்பா எடுத்துக்காத." இல்லைங்ணா என்றேன். வரமாட்டேன் என்ற வார்த்தை தயாராகத்தான் இருந்தது, யாரும் கேட்கவில்லை, அதுவாகப் போய்விட்டது.

சாக்கைக் கண்ணால் காட்டினார். "தருண் வூட்டுல இருந்து உன்ற சீர்ப் பாத்திரமெல்லாம் கொண்டாந்து போட்டுட்டுப் போய்ட்டாங்க. பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு அம்மா சொல்லுது. கடைக்குப் போடவும் மனசு வரல, உன்ற பேரு இருக்குது." சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார், குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. தையலைப் பிரித்தேன். தாம்பாளம், சொம்பு, குத்துவிளக்கு, குடம், எல்லாவற்றிலும் பொ. சுப்ரஜா, மாப்பிள்ளை பேர் வேண்டாம், என் பொண்ணு பேர் மட்டும் வெட்டு என்று அப்பா கடையில் நின்று வெட்டச் சொன்னது. ஒன்பது வருஷம் பரணில் கிடந்ததில் ஒரு கீறல்கூட இல்லை. என் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்க்கிறேன், எங்கே வைப்பது... யார் யார் வீட்டுச் சாமானுக்கோ இடம் கண்டுபிடித்தவளுக்கு இதற்கு ஒரு மூலை தெரியவில்லை. அண்ணனுக்கு மட்டும் கடைக்குப் போட மனசு வந்திருந்தால் இதுவும் ஏதோ ஒரு சந்தையில் தரையில் கிடக்கும், எவளாவது கையில் எடுப்பாள், பேரைப் படிப்பாள், பாவம் கிழவி, போய்ச் சேர்ந்திருப்பாள் என்பாள்... தலைக்கு மேலே மரியம்மாள் தலைகீழாக எரிந்துகொண்டிருக்கிறாள், பட்டப்பகலில் நான்தான் அணைக்க மறந்திருக்கிறேன். அவள் செத்துவிட்டாள் என்று என்னிடம் யார் சொன்னார்கள்?