குழிமேல் முளைத்த கீரை

ஓக்புன் அக்காவின் பன்றிக் கொட்டில் எங்கள் சபையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. தெற்குக் காற்று அடித்தால் ஆராதனைக்கு நடுவே பாட்டோடு நாற்றமும் உள்ளே வரும். என் கணவரை இந்த ஊருக்குப் போதகராக அனுப்பிய புதிதில் நான் மூச்சை அடக்கிக்கொண்டே பாடினேன். பிறகு பழகிவிட்டது. பழகியதற்குப் பாதிக் காரணம் அக்காதான்.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து பார்லித் தேநீர் ஊற்றும்போது, மூப்பர் வீட்டு பொக்னே எப்போதும் ஆரம்பித்து வைப்பாள். "ஏ ஓக்புன், இந்த வாரம் உன் பண்ணிங்க என்ன பிரசங்கம் பண்ணுச்சு?"

அக்கா சிரித்துக்கொண்டே சொல்லுவாள். தாய்ப்பன்றி படுப்பதற்கு முன்னால் மெல்ல உறுமி, மூக்கால் குட்டிகளைத் தள்ளிவிட்டுத்தான் உடம்பைச் சாய்க்கும். ஆண்டவரும் எச்சரிக்காமல் எதையும் செய்வதில்லை என்று ஒரு வாரம். குட்டிகள் பிறந்த அன்றே ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்ளும், கடைசிவரை மாற்றாது என்று இன்னொரு வாரம். "அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு இருக்குடி. பக்கத்துக் காம்பைப் பாத்து ஏங்குறது மனுசங்கதான்" என்பாள். சாணி அள்ளி அள்ளிக் காய்த்துப்போன கையில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நான் அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சபையில் கொடுக்கும் வாரத்தாளில் எழுதிவிடுவேன். அவள் நிறுத்திய இடத்தில் நான் ஒரு வரி சேர்ப்பேன், 'ஆகவே நாமும்' என்று தொடங்கி. பக்கத்து ஊர்ச் சபைகளில்கூட அதை வாங்கிப் படித்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கோமாரி வந்தது. முதலில் தெற்கே எங்கோ என்றார்கள். பிறகு சாலையெல்லாம் மருந்து தெளிக்கும் தடுப்புகள் வந்தன. எங்கள் பக்கம் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பண்ணையில் வந்துவிட்டது. அக்காவின் கொட்டிலில் ஒரு பன்றிக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் இருப்பதையெல்லாம் புதைக்கச் சொல்லி உத்தரவு.

வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள். அக்காவின் மிளகாய் வயலில் பொக்லைன் குழி தோண்டியது. உறைந்த மண் பாறை மாதிரி உடைந்தது. குழிக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். ஊசி போட்டுக் கொன்றபின் புதைக்கவேண்டும் என்பதுதான் முறையாம். ஊசிமருந்து எங்கேயும் மிச்சமில்லை. அப்படியே தள்ளச் சொல்லிவிட்டார்கள்.

வேலையாட்கள் குளிர்காய எங்கள் சபைக் கூடத்தைத் திறந்துவிட்டிருந்தோம். நான் தேநீர்க் கெட்டிலோடு பின்சுவர் ஓரம் நின்றிருந்தேன். இளம் பன்றிகளைத் தடியால் அடித்து ஓட்டினார்கள். அவை போட்ட கூச்சலை எழுதிக் காட்ட முடியாது. தாய்ப்பன்றிகள் மட்டும் கொட்டிலைவிட்டு அசையவில்லை. ஷாக் அடிக்கும் மின்கம்பால் குத்தினார்கள், அப்போதும் பின்னால் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

முகக்கவசம் போட்ட ஒரு பையன், அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்ந்தவன்போல, அக்காவிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "அம்மா, நீங்க கூப்பிட்டா வரும்ல?"

அக்காவின் கணவர் தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் பெயரை வைத்தே அவளைக் கூப்பிடுகிறவர், திரும்பாமலே சொன்னார்: "கூப்பிடாத, ஹேசுங் அம்மா. அவங்க உத்தரவு, அவங்களே பாத்துக்கட்டும்."

"அடிக்கிறாங்களே, ஹேசுங் அப்பா."

"அடிக்கட்டும். கூப்பிடாத."

உள்ளே மறுபடி மின்கம்பு சத்தம் கேட்டது. அக்கா கொட்டில் வாசலுக்குப் போய், தினமும் தீவனம் வைக்கும்போது கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். "ஓரே, ஓரே, ஓரே..."

வந்தன. ஒவ்வொன்றாக, வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. முன்னால் வந்தது அவளுடைய ரப்பர் பூட்ஸில் மூக்கைத் தேய்த்தது. அவள் குழியின் ஓரம்வரை நடந்தாள். அங்கே ஒதுங்கி நின்றாள். மற்றதைப் பொக்லைன் பார்த்துக்கொண்டது.

மண் போட்டு மூடிய பிறகும் அடியிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. மேலே சுண்ணாம்புத் தூளைக் கொட்டினார்கள். வேலையாட்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். நான் காலையிலிருந்து கொதிக்கவைத்த கிம்ச்சிக் குழம்பைக் கிண்ணங்களில் ஊற்றி வைத்தேன். அந்தப் பையன் கிண்ணத்துக்குள் பார்த்தான், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழக்கத்தில் பன்றிக்கறி போட்டிருந்தேன். கொழுப்புத் துண்டுகள் மேலே மிதந்துகொண்டிருந்தன. யாரும் தொடவில்லை. அண்டாவோடு எடுத்துப்போய்க் கொட்டினேன். கொட்டும்போது நானும் வாந்தி எடுத்தேன்.

தடுப்புகளை எடுத்தபின் ஜெபக்கூட்டம் மறுபடி தொடங்கியது. அக்கா வந்தாள். ஜெபித்தாள். தேநீர் குடித்தாள்.

"என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?" என்று பொக்னே கேட்டாள். "உன் வாயில பாடம் இல்லாம போறதும் அதிசயம்தான்."

"பண்ணியே இல்ல, பாடம் எங்கேருந்து வரும்?" என்று சொல்லிவிட்டு அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வாரத்தாளில் அந்த இடத்தை நான் பாட்டு எண்களைப் போட்டு நிரப்பினேன். என் கணவரால் அப்படி விட முடியவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவரே எடுத்துக்கொண்டார். குற்றமில்லாத ஜீவன்கள் மற்ற ஜீவன்களுக்காகக் குழியில் இறங்கின என்றார். வாயைத் திறக்காமல் இறங்கின என்றார். வாயைத் திறக்காமலா? சுவருக்கு இந்தப் பக்கம் அவரும்தானே இருந்தார்? அவர் குரல் இனித்தது, அதுதான் தாங்கவில்லை. கெட்டுப்போன பண்டத்தின்மேல் சர்க்கரையைத் தூவின மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில், "இன்னிக்கு நல்லா வந்துச்சுல்ல?" என்றார்.

"அக்கா முகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கண் கலங்கியிருந்தாங்க."

"அது கலக்கம் இல்லைங்க. வாயிலெடுக்காம அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

அவர் சோற்றில் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆனாலும் விடவில்லை. ஈஸ்டர் அன்று அக்காவைச் சாட்சி சொல்லவைக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். சோதனையில் ஆண்டவர் என்ன கற்றுக்கொடுத்தார் என்று அவள் வாயாலேயே வந்தால் சபைக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பனி உருகிய சமயம் அது. அக்கா குழி ஓரத்தில்தான் நின்றிருந்தாள். குழி இப்போது குழியாக இல்லை, உப்பி மேடாகியிருந்தது. உள்ளே சேர்கிற வாயு வெளியேற நட்டு வைத்திருந்த குழாய்கள் கோணலாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றின் வாயிலிருந்து வந்த நாற்றம் நாக்கிலேயே ஒட்டியது. பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்த ஓரத்தில் செந்நிறமாகத் தண்ணீர் கசிந்து, மேலே எண்ணெய்ப்படலம் மினுங்க, பள்ளத்தில் தேங்கியிருந்தது. அந்தக் குளிரிலும் ஈ மொய்த்தது.

மேட்டின்மேல் மட்டும் மாசிபத்திரிக் கீரை முளைத்திருந்தது. வேறெங்கும் இன்னும் துளிர் தெரியவில்லை. அங்கே மட்டும் கொழுகொழுவென்று, கரும்பச்சையாக.

என் கணவர் முகம் மலர்ந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லிவிட்டார்: "பாத்தீங்களா அம்மா! சாவுலேருந்து உயிரு! ஆண்டவர் உங்க கண்ணு முன்னாடியே எழுதிக் காட்டுறாரு."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு கொட்டில் சுவரில் செருகியிருந்த களைக்கொத்தியை எடுத்துவந்து நீட்டினாள். "பறிச்சுக்கோங்க, போதகரய்யா."

"இல்ல, நான்..."

"வசந்தத்துல முதல் கீரை. சோயா விழுது போட்டு சூப் வச்சா நல்லா இருக்கும். போதகரம்மா வைப்பாங்க. ராத்திரி குடிங்க."

"அம்மா, நான் சொன்னது..."

"ஏன், உயிருதானே? கொத்தாப் பறிங்க. பை வேணுமா?"

அவர் ஓரடி பின்னால் வைத்தார். கால் அந்தச் செந்நீரில் இறங்கியது. கணுக்கால்வரை நனைந்தது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

அக்கா களைக்கொத்தியைக் கீழே போட்டாள். "குட்டிங்க ஆளுக்கொரு காம்பு பிடிக்கும்னு சொன்னேன்ல. கடைசிக் காம்புல பால் இருக்காது. அதைப் பிடிச்ச குட்டி இளைச்சு இளைச்சு செத்துரும். நான்தான் தூக்கிப் போடுவேன். அதை மட்டும் சொல்லாம விட்டுட்டேன். மிச்சத்தை போதகரம்மா அழகா எழுதுனாங்க."

எனக்குக் காது சுட்டது.

"நான் கூப்பிட்டேன், வந்துச்சுங்க. அவ்வளவுதான். அதுக்குள்ள எதையும் தேடாதீங்க. ஆண்டவர் எனக்குன்னு அதுல ஒண்ணும் வைக்கல. வச்சிருந்தாலும் எனக்கு வேணாம்."

"ஜெபமாவது பண்றீங்களா?" என்றார் என் கணவர், குரலே எழும்பாமல்.

"பண்றேனே. தினம் அவரை நல்லாத் திட்டுறேன். இன்னும் எந்திரிச்சுப் போகாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

நனைந்த செருப்பை என் கணவர் வழியிலேயே வீசிவிட்டு ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். "மனசு கல்லாகிப் போச்சு அவங்களுக்கு" என்றார். எனக்கு அவர் மீது அருவருப்பாக இருந்தது. வாரத்தாளில் அவ்வளவு நாளும் எழுதிய என் கை மீதும்தான். அன்றிரவு அவருக்குத் தனியாகப் படுக்கை விரித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையிலிருந்து மழை. மறுநாள் சபையாருக்குக் கொடுப்பதற்காக நான் முட்டைகளை வேகவைத்துக்கொண்டிருந்தேன். மதியம்போல வெளியே ஏதோ பொதபொதவென்று சரிகிற சத்தம். அதைத் தொடர்ந்து வந்த நாற்றத்தில் கண்ணே எரிந்தது. மேடு ஒரு பக்கமாக வெடித்துவிட்டது. ரத்தமும் கொழுப்பும் சேறுமாகக் குழம்பி ஓடைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடைத் தண்ணீர்தான் கீழ்வயல்களுக்குப் போகிறது. வட்டார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அக்காவின் கணவர் தனியாளாக மண்வெட்டியோடு நிற்பது ஜன்னலில் தெரிந்தது. என் கணவர் பிரசங்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவரையே பார்த்தார். பிறகு ரப்பர் பூட்ஸைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர் அக்காவின் கணவர். நிமிர்ந்து பார்த்து, "என்ன போதகரய்யா, ஜெபம் பண்ண வந்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க. இன்னொரு மண்வெட்டி இருக்கா?"

சேறு ஓடைக்குப் போகாதபடி இருவரும் குறுக்கே வாய்க்கால் வெட்டினார்கள். அக்காவும் நானும் சாக்குகளில் மண் நிரப்பி இழுத்துக் கொடுத்தோம். சேற்றோடு என்னென்னவோ வந்தது. முடி கழன்ற தோல் வந்தது. ஒரு கால் வந்தது. காதில் மஞ்சள் அட்டை இன்னும் மாட்டியிருந்த ஒரு தலை என் கணவரின் மண்வெட்டியில் ஏறியது. அவர் அப்படியே குனிந்து வாந்தி எடுத்தார்.

"காத்து அடிக்கிற பக்கம் திரும்பாதீங்க, மூஞ்சிலயே அடிக்கும்" என்றார் அக்காவின் கணவர்.

என் கணவர் திரும்பி நின்று எடுத்தார். துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டினார். மறுபடி எடுத்தார். வயிற்றில் ஒன்றுமில்லாமல் வெறும் ஓங்கரிப்பாக வந்தபோதும் மண்வெட்டியை விடவில்லை. அக்கா ஒருமுறை அவர் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டாள், புரையேறிய குழந்தைக்குத் தட்டுகிற மாதிரி. பொழுது சாய்கிற நேரத்துக்குள் ஓடையைக் காப்பாற்றிவிட்டோம். குழியைப் பிளாஸ்டிக் விரித்து மூடிச் சாக்கு அடுக்கினோம். யாரும் யாரிடமும் நன்றி சொல்லவில்லை. வாயைத் திறக்கவே யாருக்கும் விருப்பமில்லை.

என் கணவரின் உடுப்பைத் தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தினேன். எவ்வளவு தேய்த்தும் அவர் தலைமுடியில் அந்த நாற்றம் போகவில்லை. எங்கள் இருவர் நகக்கண்ணிலும் இருந்தது.

மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஈஸ்டர். பிணவாசனையை மறைக்க நறுமணப் பொருள் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஆண்டவரின் கல்லறைக்குப் போகும் பெண்கள். திறந்து கிடக்கும் கல்லறை. என் கணவருக்கு எல்லாமே கையில் இருந்தது. முந்தின நாள் நடந்ததை எடுத்து அதில் ஒட்டவைக்க ஒரு வாக்கியம் போதும். சொல்லிவிடாதீங்க, சொல்லிவிடாதீங்க என்று எனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேர்முன்னால் அக்காவின் கழுத்து விறைத்து நின்றது.

அவர் அந்தப் பெண்களின் கதையைச் சொன்னார். யார் யார் போனார்கள், என்ன கொண்டுபோனார்கள், கல்லை யார் புரட்டுவார்கள் என்று கவலைப்பட்டார்கள், அங்கே போய் என்ன பார்த்தார்கள், எப்படிப் பயந்து ஓடினார்கள். ஊரில் நடந்ததை ஒருவர் வந்து சொல்லுகிற மாதிரி சொன்னார். பிறகு நிறுத்தினார். உதடு ஒருமுறை அசைந்தது. ஒன்றும் வரவில்லை. "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன, அதுக்குள்ள முடிச்சுட்டாரு? உடம்பு சரியில்லையா?" என்று பொக்னே என் காதில் கேட்டாள்.

வாசலில் நான் முட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று எல்லாரோடும் கைகுலுக்கினார். அக்கா வந்தாள். அவர் கையைப் பிடித்தாள், மூக்கைச் சுளித்தாள். "இன்னும் நாறுறீங்க, போதகரய்யா."

"ஆமாங்க. போக மாட்டேங்குது."

"இன்னிக்கு பிரசங்கம் சப்புன்னு இருந்துச்சு."

"தெரியுதுங்க."

"அப்படியே இருக்கட்டும்" என்றாள். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதியில் திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தாள். "ஹேசுங் அப்பா விடிகாலையிலேருந்து வாய்க்கா மேட்டுல உக்காந்து காவல் காக்குறாரு. ஒண்ணும் சாப்பிடல. இதை மட்டும் தின்னுவாரோ என்னவோ."