கிளி கொத்திய பழத்தை அவள் ஏன் எடுத்து வைத்தாள்

தனக்கு உடனடியாகத் தேவைப்படுகிற இருபத்தைந்து பேரும் மாங்காய் ஷெட்டில்தான் இருக்கிறார்கள் என்பது, முதலமடைத் தமிழ் வாசகசாலையின் செயலாளர் பிரதீப்புக்கு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குத்தான் உறைத்தது.

மேலிடத்துக் கமிட்டியின் கடிதத்தில் குழப்பமே இல்லை. செவ்விலக்கியம் ஒன்றைப் பற்றித் திறனாய்வுக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது இருபத்தைந்து பேர் இருக்கும் படத்தை மார்ச் முப்பத்தொன்று மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வாசகசாலையின் கிரேடு போகும். கிரேடு போனால் நாலாயிரம் தமிழ்ப் புத்தகங்களும் லாரி ஏறி டவுன் குடோனுக்குப் போகும். குடோனுக்குப் போன புத்தகம் எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

காய் இறங்குகிற மாதத்தில் இந்த ஊரில் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். கடைசித் தேதி வரை தள்ளிப்போட்டு, இந்த மாதத்தில் போய் இலக்கியக் கூட்டம் வைத்த ஒரே ஆள் பிரதீப். அவனும் மாந்தோப்புக்காரர் மகன்தான். வாசகசாலையில் நாற்பது நாற்காலி போட்டிருந்தான். ஒன்றில் பூனை படுத்திருந்தது. கோவையிலிருந்து வர வேண்டிய பேராசிரியர், தமக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று கணீரென்ற குரலில் செய்தி அனுப்பிவிட்டார். தாம் வாசிக்கவிருந்த பன்னிரண்டு பக்கக் கட்டுரையைக் கூடவே அனுப்பியிருந்தது அவருடைய பெருந்தன்மை.

பிரதீப் பேனரைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் பறந்தான். பேனர் வழியில் எங்கோ விழுந்தது. திரும்பிப் போய்த் தேட நேரமில்லை.

ஷெட்டில் முப்பது பெண்கள் வைக்கோல்மேல் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லது ஒரு கூடைக்கு, அடிபட்டது இன்னொன்றுக்கு. மரத்திலேயே பழுத்துக் கிளி கொத்தியது ஓரமாகக் கிடந்தது.

"நாலரைக்கு லாரி வருது. கை நிக்கப்படாது. வாயி என்ன வேணாப் பண்ணிக்கட்டும்," என்று, கூட்டம் நடத்திக்கொள்ளக் கேட்ட பிரதீப்புக்கு ஷெட்டுக்காரர் பொங்கியண்ணன் உத்தரவு கொடுத்தார்.

"ஏனுங்க தம்பி, ஆஸ்பத்திரிக் கேம்ப்புங்களா? ஊசி போடறீங்களா, மாத்திரையா?" என்றாள் மருதாத்தாள். இருபது வருடமாக அங்கே காய் பிரிக்கிறவள், மற்றப் பெண்களுக்கெல்லாம் தலைவி.

"திறனாய்வுங்க அக்கா."

"அது எந்த நோவுக்குங்க?"

பிரதீப் போனைத் திறந்து வாசிக்கத் தொடங்கினான். 'இப்பனுவலின் அகக்கட்டமைப்பை அணுகுங்கால்' என்று ஆரம்பித்த வாக்கியம் முற்றுப்புள்ளியை அடைவதற்குள் ஒருத்தி கொட்டாவி விட்டாள். அது வரிசையாகப் பரவியது.

"அண்ணா, பாட்டே இன்னும் சொல்லல. பாட்டைப் பத்தி மட்டும் சொன்னா யாருக்குங்ணா வெளங்கும்?" என்றாள் யோகப்பிரியா. கல்லூரி முடித்த கையோடு ஷெட்டுக்கு வந்தவள்.

நியாயமான கேள்விதான். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஏழு வரியில் பாட்டு இருந்தது. அதைப் படித்து, பேச்சுத் தமிழிலும் சொன்னான். வேறொருத்தி வீட்டில் கிடந்த கணவன் திரும்பி வருகிறான். அன்று இறக்கிய நல்ல மாம்பழங்களை மனைவி விருந்தினருக்குக் கொடுத்துவிட்டாள். நேற்றே எடுத்து வைத்த, கிளி கொத்திய பழம் ஒன்றை அவனுக்கு நீட்டுகிறாள். ஏன் என்று தோழி கேட்கிறாள். அவள் சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

"நீயே ஒரு எச்சில், உனக்கு எச்சில் பழம்தான்னு சொல்லி அவமானப்படுத்தறாளாம். கட்டுரையில அப்படித்தான் போட்டிருக்குதுங்க," என்றான்.

முப்பது ஜோடிக் கைகளும் நின்றன.

"எழுதுன ஆளு கிளி கொத்துன பழம் தின்னுருக்கறாரா?" என்றாள் மருதாத்தாள். "மரத்துலயே நொம்ப இனிக்கறதைத்தான் கிளி தொடும். நாங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறதே அதைத்தானுங்க. மினுமினுன்னு இருந்ததை வந்தவிங்களுக்குத் தள்ளிப்போட்டு, இனிக்கறதைப் புருசனுக்கு வெச்சிருக்கறா."

"அக்கட்டால போங்கக்கா! அந்த நாய்க்கு எதுக்கு இனிப்பு? கொத்துனது சந்தைக்குப் போவாது. உன்னைய இனி எவளும் எடுக்க மாட்டா, எங்கிட்டத்தான் கெடக்கோணும்னு காட்டறா," என்றாள் யோகப்பிரியா.

"உனக்கு ஒருத்தன் வாச்சாத் தெரியும்டி."

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன்."

ஷெட்டு இரண்டாகப் பிரிந்தது. நல்ல காயெல்லாம் அடிபட்ட கூடைக்குள் விழத் தொடங்கின. மணி நாலு பத்து. பிரதீப் போனைத் தூக்கிப் பிடித்தான். "எல்லாரும் சித்தெ இந்தப் பக்கம் திரும்புங்க, ஒரே ஒரு போட்டோ, கையெடுத்துக் கும்பிடறேனுங்க," என்று கெஞ்சினான். ஒருத்தியும் திரும்பவில்லை.

"அட இரு சாமி. அந்தாளு அப்பறம் என்ன சொல்றாரு? முழுசாப் படி," என்றாள் ஒரு கிழவி.

ஒன்பதாம் பக்கத்தை அவன் இதுவரை தாண்டிப் போயிருந்தான். இப்போது வாசித்தான்.

'நேற்றே என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அவன் வரப்போவதாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனாலும் எடுத்து வைத்திருக்கிறாள். அப்படியானால் முந்தாநாளும் ஒன்று எடுத்து வைத்திருப்பாள். பாட்டில் இருப்பது ஒரு பழம். பாட்டில் இல்லாத பழங்கள் எத்தனை?'

எதிர் வரிசையில் இருந்தவர்களும் கிட்டே நகர்ந்து வந்தார்கள்.

"கொத்துன பழம் ஒரு ராத்திரிதான் தாங்கும்," என்று மருதாத்தாள் மெதுவாகச் சொன்னாள். "தெனமும் ஒண்ணை வீசிப்போட்டு, புதுசு மாத்தி வெச்சிருக்கறா." கையிலிருந்த காயைக் கூடையில் வைத்தாள். "பழந்தான் தின்னதில்லை. ஆனா அந்தாளுக்குக் கண்ணு இருக்குது. எனக்கு அது தட்டுப்படலையே."

பிரதீப்புக்கும் தட்டுப்பட்டதில்லை. எம்.ஏ.வில் அந்தப் பாட்டுக்குப் பத்துக்கு எட்டு மார்க் வாங்கியவன் அவன். ஒரு நிமிடம் அவனுக்கு ஐந்து மணி என்பதே மறந்துபோனது.

"அப்ப எதுக்குச் சிரிச்சா?" என்றாள் யோகப்பிரியா. சண்டை முன்னைவிட இரண்டு மடங்காகக் கிளம்பியது.

அதற்குள் லாரி ஹாரன் அடித்தது. கூடை தூக்கிக்கொண்டே சண்டை போட்டவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பதினொரு படம் எடுத்தான். நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினான். ஐந்தரைக்குப் பதில் வந்தது.

'படத்தில் பேனர் இல்லை. மேடை இல்லை. யாரும் பேச்சாளரைப் பார்க்கவில்லை. தகராறு நடப்பதுபோல் தெரிகிறது. இலக்கியக் கூட்டமாகக் கருத இயலாது.'

போன வருடப் படத்தில் பேனருக்குக் கீழே இருபத்தாறு பேர் வரிசையாக, ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முதல் கிரேடு கிடைத்தது. பிரதீப் மேல்முறையீடாக நாலு கடிதம் எழுதினான். இரண்டு போன் எண்களில் அழுதும் பார்த்தான். ஒன்று தவறான எண். அந்த ஆள்தான் அதிக நேரம் கேட்டார்.

எதுவும் பலிக்கவில்லை. புத்தகங்களை ஏற்ற லாரி வருவதற்கு முந்தின நாள், தனியாக உட்கார்ந்து புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மருதாத்தாளும் யோகப்பிரியாவும் வாசலில் வந்து நின்றார்கள்.

"அந்தப் பாட்டு இருக்கற பொஸ்தகம் குடுங்க. அந்தாளு எழுதுனதும் வேணும். இவ ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொண்ணு சொல்லி என்ர உசுர வாங்கறா," என்றாள் மருதாத்தாள்.

"நாளைக்கு லாரி வருதுங்க அக்கா. எல்லாம் போவுது."

"நாளைக்குத்தான?"

எந்தக் கட்டில் இருக்கிறதென்று தெரியாமல் ஏழு கட்டுகளைப் பிரித்தான். புத்தகத்தை எடுத்து, கட்டுரையை அச்செடுத்து உள்ளே செருகினான். பதிவேட்டில் பெயர் எழுதினான். திரும்பத் தரும் நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"எப்பத் தரோணுங்க?"

"சண்டை முடிஞ்சதும் தாங்க," என்றான்.

மருதாத்தாள் சிரித்தாள். ஏனென்று பிரதீப் கேட்டான். அவள் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.