தம்மாமுக்குப் போன முகம்

அச்சகக்கார முர்ஸி போன் செய்தபோது நவாராவின் வாயில் பாதி கல்லீரல் சாண்ட்விச் இருந்தது. மதியம் இரண்டு மணி. போட்டோ ஸ்டூடியோவில் அவள் மட்டும்தான். கூட வேலை செய்யும் ஷாஸ்லி முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். வியாழக்கிழமை அவனுக்கும் நவாராவுக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு இப்போதே கால் தரையில் பாவவில்லை.

“நவாரா, ஷாஸ்லி ஒரு ஃபைல் அனுப்பியிருக்கான்மா. ஹால் வாசல்ல வைக்கிற போர்டு. லேயரை ஒண்ணாச் சேர்க்காமலே அனுப்பிட்டான். பேரெல்லாம் என் மெஷின்ல கட்டம் கட்டமாத் தெரியுது. சேர்த்து அனுப்பச் சொல்லு.”

“நானே அனுப்பறேன் மாமா. மாப்பிள்ளை அவசரம், மறந்திருப்பான்.”

முர்ஸி போனை வைக்காமல் கனைத்தார். “ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதே. உனக்கும் அவனுக்கும்தான் பேசி முடிச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன். இந்தப் பொண்ணு யாரும்மா?”

நவாரா சிரித்துவிட்டாள். “கண்ணாடியத் தொடச்சுப் போடுங்க மாமா. அது நான்தான்!”

“நீயா...” என்று இழுத்தார் முர்ஸி. ஐந்து வருடமாக வாரத்தில் நான்கு நாள் அவளைப் பார்க்கிற மனிதர். “சரி சரி, ஃபைலை அனுப்பு” என்று அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

அவர்கள் தொழிலில் லேயரோடு, அதாவது செய்த திருத்தமெல்லாம் தனித்தனி அடுக்காகத் தெரியும்படி, ஒரு ஃபைல் வெளியே போகவே கூடாது. எந்தச் சுருக்கத்தை எதைப் போட்டு மறைத்தோம், யாருடைய இடுப்பை எவ்வளவு குறைத்தோம் என்று எதிராளிக்குப் புட்டுப் புட்டு வைத்துவிடும். ஷாஸ்லிக்கு இது தெரியாதா? தெரியும். சந்தோஷத்தில் கோட்டை விட்டான்.

ஷாஸ்லியின் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தாள். “சர்ப்ரைஸ், நீ பார்க்கக் கூடாது” என்று ஒரு வாரமாக அவளிடம் மறைத்து வைத்த படம். கடற்கரைச் சுவரில் சாய்ந்து ஷாஸ்லி நின்றான். அவனுடைய கோதுமை நிறம் அப்படியே இருந்தது. பக்கத்தில் பால் நிறத்தில் ஒருத்தி, நவாராவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, நவாராவின் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

முர்ஸியின் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

லேயர்கள் பதினொன்று. திரையில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருந்த சின்னக் கண் குறியை அழுத்தி அணைத்துக்கொண்டே வந்தாள். முதலில் இருவரையும் சுற்றியிருந்த பொன்னிற ஒளி போயிற்று. ‘நிறம் 1’ போயிற்று, ‘நிறம் 2’ போயிற்று. ‘மூக்கு’ என்ற லேயரை அணைத்ததும் எகிப்தின் தெற்கே அஸ்வானிலிருந்து அப்பா கொண்டுவந்த அகல மூக்கு திரும்பி வந்தது. கடைசியாக ஒன்றுக்கு ‘அம்மா சொன்னது’ என்று பெயர். அதையும் அணைத்தாள். படிய வாரியதுபோல் இருந்த முடி மறுபடி நெற்றியில் சுருண்டு விழுந்தது. பதினோரு லேயருக்கு அடியில் அவள் கிடந்தாள்.

அழுகை வரவில்லை. சம்பந்தம் பேசி முடித்து ஃபாத்திஹா ஓதிச் சிவப்புச் சர்பத் குடித்த அன்று அவள் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தவள்தான் ஷாஸ்லியின் அம்மா. கொடுத்த வாயாலேயே இதையும் சொல்லியிருக்கிறாள்.

ஃபைல் இருந்த கோப்புறையின் பெயர் ‘வீட்டுக்கு’. அதில் இது ஒன்று மட்டும் இல்லை. எட்டு மாதப் படங்களும் இருந்தன. சர்பத் டம்ளரோடு அவள், பெருநாள் புத்தாடையில் அவள், மீன் கடையில் அவள். எல்லாவற்றிலும் அந்த வெள்ளைக்காரி. சவுதியில், தம்மாமில் இருக்கும் அவன் அக்கா நஹ்லாவுக்கும் மற்ற சொந்தங்களுக்கும் இவைதான் போயிருக்கின்றன. நஹ்லாவோடு வீடியோவில் பேச வேண்டும் என்று நவாரா கேட்கும்போதெல்லாம், “தம்மாம்ல நெட் சரியில்ல” என்று அவன் நாக்கூசாமல் சொன்னதற்கும் இப்போது அர்த்தம் விளங்கியது.

எந்த மாமியார் வந்து பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கு என்று கேட்டாலும், “பொண்ணு வந்து சொல்லட்டும்” என்று திருப்பி அனுப்புகிறவள் நவாரா. அப்போதெல்லாம் இந்த மகாராஜன்தான் பக்கத்திலிருந்து, “எங்க நவாரா கலர்ல கை வைக்க மாட்டா” என்று பெருமையடித்துக்கொள்வான். தினமும் காலையில் கடையைத் திறக்கும்போது, “வந்துட்டாளா என் கறுப்பழகி” என்பான். அதற்கு அவள் உருகியும் போவாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஷாஸ்லி கொலோன் வாசனையோடு வந்தான். திரையைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

“யார் திறக்கச் சொன்னது உன்ன?”

“முர்ஸி மாமா. இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டாரு.”

“அந்த ஆளுக்கு வேற வேலையில்ல.” ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டான். “ஒரு ஃபில்டர்தானே நவாரா! ஊர்ல யாரு போடல? நீயே தினம் பத்துப் பேருக்குப் பருவை எடுக்கறே.”

“கேட்டவங்களுக்கு எடுக்கறேன். நான் உன்கிட்டக் கேட்டேனா?”

“அம்மாவைப் பத்தித் தெரியாதா உனக்கு? சொந்தக்காரங்க வாய்க்குப் பயந்து முதல் படத்துல லேசா மாத்தினேன். அப்புறம் அடுத்த படம் வேற மாதிரி இருந்தாக் கேப்பாங்களே. அப்படியே போயிடுச்சு.”

“எட்டு மாசமா?”

அவன் புதிதாக வெட்டிய முடியைக் கோதிக்கொண்டான்.

“வியாழக்கிழமை நஹ்லா நேர்ல வந்து நிக்கப் போறா. அப்ப என்ன பண்றதா இருந்தே? அவ கண்ணுல ஃபில்டர் போடுவியா?”

“அதெல்லாம் பேசிட்டேன்” என்றான் ஷாஸ்லி, குறையைத் தீர்த்துவைத்தவன்போல. “மேக்கப் பண்ற மேடம்கிட்ட படத்தக் காட்டிட்டேன். கலரை மூணு ஷேடு தூக்கலாம்னு சொல்லியிருக்காங்க. கழுத்து, கை எல்லாத்துக்கும் போட்டுடுவாங்க. ஹால்ல லைட்டும் மஞ்சளா வைக்கச் சொல்லிட்டேன்.”

நவாரா அவனையே பார்த்தாள். மன்னிப்புக் கேட்பான் என்று அதுவரை மனசின் ஒரு மூலையில் காத்திருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்குப் பயந்தவன் என்றால்கூட ஒருநாள் மன்னித்திருப்பாள். இவன் வெட்கப்படுகிறான். முதல் நாளிலிருந்தே அவளைப் பார்த்து வெட்கப்படுகிறான்.

திரும்பி உட்கார்ந்தாள். அணைத்த கண்களை ஒவ்வொன்றாக மறுபடி திறந்தாள். பால் நிறப் பெண் திரும்பி வந்தாள். லேயர்களை ஒன்றாகச் சேர்த்து, அதே பெயரில் சேமித்து, முர்ஸிக்கு அனுப்பினாள். இனி அந்தப் படத்திலிருந்து எதையும் அணைக்க முடியாது.

ஷாஸ்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இதுக்குத்தான் உன்ன எனக்குப் பிடிக்கும். புரிஞ்சுக்குவே.”

அவள் முர்ஸிக்குப் போன் செய்தாள்.

“மாமா, ஃபைல் வந்துடுச்சா? நல்லாத் தெரியுதா? அப்படியே அடிச்சு ஹாலுக்கு அனுப்பிடுங்க. நீங்க கேட்டது சரிதான். அது யாருன்னு எனக்கும் தெரியல. மாப்பிள்ளை அவளோடதான் நிக்கப் போறான்.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மேசைமேல் மீதி சாண்ட்விச் ஆறிப்போயிருந்தது. ஷாஸ்லி குறுக்கே ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான். போகாதே என்று சொல்வான் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“நவாரா, நஹ்லா டிக்கெட்டே எடுத்துட்டா. நான் அவகிட்ட என்ன சொல்றது?”

அவன் கையைக் கதவிலிருந்து விலக்கிவிட்டு அவள் படியில் இறங்கினாள்.

“நெட் சரியில்லைன்னு சொல்லு.”