அப்பா பெயருக்கு வந்த தபால்

எங்கள் வீட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்கு நேர் கீழே அப்பாவின் தோல் பை உட்கார்ந்திருக்கும். அடுத்த மாதம் ஒரு கல்யாணம் என்றால் இந்த மாதமே சட்டை, துண்டு, சவரச் சாமான் எல்லாம் அதில் அடுக்கிப் பூட்டிவிடுவார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில் தடுக்கி விழுவோம். கல்யாணத்தன்று அதைத் தூக்கிக்கொண்டு போவார். சாயங்காலமே, உள்ளிருக்கும் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல், திரும்பி வந்துவிடுவார். எழுபத்தொரு வயது வரை அவர் ஒரு இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை.

பஸ் பணிமனையில் முப்பத்தாறு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். விசில் ஊதி அடுத்தவர்களை அனுப்பி வைப்பதுதான் வேலை. தான் ஏறிப் போனதில்லை.

காரணம் அவருடைய தாத்தா, என் கொள்ளுத்தாத்தா. நூறு வருடத்துக்கு முன்பு, மூன்று வயது மகனையும் மனைவியையும் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வேலைக்குப் போனவர். மூன்று வருட ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டரை வருடம் கடிதம் வந்தது. பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. தெருவில் எங்கள் வீட்டுக்கு 'ஓடிப்போனவர் வீடு' என்று பெயர் விழுந்தது. அந்த மூன்று வயது மகன், அதாவது என் தாத்தா, சாகும்வரை 'ஓடிப்போனவர் மகன்'. அப்பா பள்ளிக்கூடத்தில் 'ஓடிப்போனவர் பேரன்'. பத்து வயதிலேயே அப்பா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்: நான் எங்கேயும் போகமாட்டேன்.

இதெல்லாம் பழைய கதை என்று இருந்திருப்போம். ஆனால் என் தங்கை அதே நாட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன வருடக் கடைசியில் போன் செய்து, ஜூலை மாதம் தனக்குப் பிரசவம் என்றாள்.

"அம்மாவும் அப்பாவும் வந்தே ஆகணும் அக்கா. எனக்கு இங்க யாரு இருக்கா?"

"அப்பா வந்தாத்தான் நான் வருவேன்," என்றாள் அம்மா. "இவரை இங்க தனியா விட்டா மூணு வேளையும் டீயையே குடிச்சிட்டு உட்கார்ந்திருப்பாரு."

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அந்த மனுஷன் ஏன் திரும்பி வரலைன்னு யாராவது சொல்லுங்க, வர்றேன். அங்க போய் இன்னொரு குடும்பம் வச்சுக்கிட்டு எங்க பாட்டியை மறந்திருந்தார்னா, அந்த மண்ணை நான் மிதிக்க மாட்டேன். இதுல பேச்சே வேண்டாம்."

ஆக, தங்கையின் பிரசவத்துக்கு அம்மா போவதும் போகாததும் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதரின் கையில் போய் நின்றது. அவரைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பம்பு தொழிற்சாலையில் தபால் பிரிவு. வந்த கடிதத்துக்கு ஒரு பதிவேடு, போன கடிதத்துக்கு ஒரு பதிவேடு, எல்லாவற்றுக்கும் வரிசை எண். வீட்டிலும் ஒரு நோட்டைத் தொடங்கினேன். கடிதம் எண் ஒன்று, அந்த நாட்டு ஆவணக் காப்பகத்துக்கு.

அங்கே கடிதத்தோடு இணையத்தில் ஒரு படிவமும் நிரப்ப வேண்டும். அதில் என்னைப் பற்றி இரண்டு கட்டம்: பெயர், குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினேன். கீழே, தேடப்படுபவர் பெயர் என்று ஒரு கட்டம். அங்கே கொள்ளுத்தாத்தாவின் பெயரை வீட்டில் சொல்கிறபடி, முன்னால் ஒற்றை இனிஷியலோடு எழுதினேன்.

பதில் ஐந்து வாரத்தில் மின்னஞ்சலில் வந்தது. அப்படி ஒருவர் இல்லை. கடிதம் எண் இரண்டு: கப்பல் பயணிகள் பட்டியலில் பார்க்கவும். இல்லை. எண் மூன்று: துறைமுகம், ரயில்வே பட்டறை ஊழியர் அட்டைகளில் பார்க்கவும். இதற்கு மட்டும், பதில் தபாலில் வரும் என்று குறிப்பு வந்தது.

கடிதங்களுக்கு நகல் எடுப்பது மாமாவின் ஜெராக்ஸ் கடையில். மாமா அம்மாவின் தம்பி. அவருக்கு இது ஒரு தினசரி விருந்து.

"என்னம்மா, ஓடினவர் ஆப்ட்டாரா?"

"இன்னும் இல்ல மாமா."

"அப்ப நல்லாத்தான் ஓடியிருக்காரு. அத்தான்கிட்ட சொல்லு, அந்தக் கால் இவருக்கு வந்திருந்தா பணிமனையில டிரைவராவே ஆகியிருக்கலாம்."

அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், படித்த செய்தித்தாளையே மறுபடி முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வார். அது மாமாவுக்குத் தெரியாது. எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு நீளமான பழுப்பு உறை. பிரித்திருந்தது.

"ஏம்மா, நான் எப்ப வெளிநாட்டுக்கு லெட்டர் போட்டேன்?"

"என்னப்பா?"

"பாரு. என் பேருக்கு வந்திருக்கு. முன்னாடி திரு வேற போட்டிருக்கான். உள்ளே 'அன்புள்ள திரு' அப்படின்னு என் பேரைப் போட்டு, 'உங்கள் மூன்றாவது கடிதம் கிடைத்தது'ங்கறான். மூணாவதாம்! எனக்கே தெரியாம நான் மூணு போட்டிருக்கேன்."

"அது எனக்கு வந்ததுப்பா. என் கடிதத்துக்குப் பதில்."

"உனக்குன்னா உன் பேரில்ல போடணும்? என் பேருக்கு வந்த தபாலை நான்தான் பிரிப்பேன்."

"நான் நிரப்பின படிவத்துல குடும்பப் பெயர்னு கேட்டிருந்தான். உங்க பேரைப் போட்டேன். அவங்க ஊர்ல அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க போல."

"நல்ல ஊரு. வேலை செய்யறது நீ, பேரு எனக்கு," என்றார் அப்பா, சந்தோஷமாக. அம்மாவைக் கூப்பிட்டு உறையைக் காட்டினார். "பார்த்தியா? கடல் தாண்டி என் பேரு போயிருக்கு. நான் போகலைன்னாலும்."

கடிதத்தில் இருந்தது பழைய பதில்தான். பட்டறை அட்டைகளிலும் அந்தப் பெயரில் யாரும் இல்லை. நோட்டை எடுத்து, வந்த கடிதம் எண் மூன்று என்று குறித்து, 'பெறுநர்' என்ற பத்தியில் என் பெயரை எழுதப் போனேன். உறையில் இருப்பதைத்தானே எழுத வேண்டும்? அப்பா பெயரை எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னைத் தேடி யாராவது நூறு வருடம் கழித்து அந்த அலுவலகத்துக்குப் போனால், என் பெயரைச் சொன்னால் கிடைக்கமாட்டேன். அப்பா பெயரைச் சொன்னால்தான் கிடைப்பேன்.

அப்படியானால் கொள்ளுத்தாத்தாவை அவர் பெயரில் தேடி என்ன பயன்? அவருடைய அப்பா பெயரில் அல்லவா தேடவேண்டும்! மூன்று கடிதத்திலும் அந்தப் பெயரை ஒற்றை எழுத்தாக்கி, ஒரு புள்ளி வைத்து, ஓரமாக நிறுத்தியிருந்தேன்.

"அப்பா, உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?"

அப்பா சொன்னார். அன்றே கடிதம் எண் நான்கு போனது. பொருள்: குடும்பப் பெயர் திருத்தம் குறித்து.

ஒன்பதே நாளில் மின்னஞ்சல் வந்தது. காப்பகத்துப் பெண்மணி ஒருவர் எழுதியிருந்தார். ஆள் கிடைத்துவிட்டார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் உதவியாளர். எங்கள் ஊரும் தெருவும் அட்டையில் தெளிவாக இருக்கிறது. மகன் ஒருவன், வயது மூன்று, அவன் பெயரும் இருக்கிறது. 'கோப்பு கொஞ்சம் பெரியது. நகல்களைத் தபாலில் அனுப்புகிறேன்.'

ஏன் திரும்பவில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். கிடைத்துவிட்டார் என்றதும் எழுந்து நின்றார். கோப்பு பெரியது என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

"பெருசுன்னா? பெருசா என்ன பண்ணியிருப்பாரு?"

"தெரியலையேப்பா."

"நல்லவனுக்கு எதுக்குப் பெரிய ஃபைலு?" பணிமனையில் முப்பத்தாறு வருடம் இருந்த மனிதரின் கேள்வி அது. அங்கே ஃபைல் தடித்துப் போவது தப்பு செய்து மெமோ வாங்கியவர்களுக்குத்தான்.

அடுத்த பன்னிரண்டு நாள் அப்பா தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றார். தபால்காரர் போன பிறகு, ஒன்றும் வராததற்கு நிம்மதியாக உள்ளே வந்தார். தங்கை போனில் டிக்கெட் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அம்மா, "அப்பாவுக்கு ஒரு தபால் வரணும்டி," என்பாள்.

பதின்மூன்றாம் நாள் வந்தது. தடித்த உறை. மேலே அப்பா பெயர். மாமாவும் அப்போது வீட்டில் இருந்தார், அச்சு இயந்திரத்துக்கு மை வாங்கப் போகிற வழியில் டீ குடிக்க.

"உங்க பேருக்குத்தான் வந்திருக்கு, நீங்களே பிரிங்க," என்றேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "நீயே படிம்மா. நல்லதோ கெட்டதோ, சத்தமாப் படி. உங்க மாமாவும் கேக்கட்டும்."

முதல் தாள் ஊழியர் அட்டை. இரண்டாவது, ஊர் போக விடுப்பு கேட்டு விண்ணப்பம். மறுப்பு. மூன்றாவது, இன்னொரு விண்ணப்பம். மறுப்பு. இப்படி ஆறு விண்ணப்பம். கோப்பு பெரியதானது இதனால்தான். ஆறாவதில் சிவப்பு மையில் 'அனுமதிக்கப்பட்டது', கப்பல் கிளம்பும் தேதியோடு. அதற்கு அடுத்த தாள் ஆஸ்பத்திரிப் பதிவு. காய்ச்சல், நான்கு நாள். கப்பல் கிளம்ப இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது இறந்துவிட்டார்.

மாமா டீ கிளாஸை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

"படி," என்றார் அப்பா.

அடுத்தது, இறந்தவரின் உடைமைகள் பற்றி அறைத் தோழர் கொடுத்த வாக்குமூலம். மொழிபெயர்த்துச் சொன்னேன். "தகரப் பெட்டி ஒன்று, கயிறு கட்டியது. அனுமதி கிடைத்த அன்றே இதைக் கட்டிவிட்டார். அது கப்பலுக்கு ஏழு வாரம் முன்பு. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே வைத்திருந்ததால் நாங்கள் எல்லோரும் அதில் தடுக்கி விழுந்தோம். பலமுறை சொல்லியும் நகர்த்தவில்லை."

அம்மாதான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பிறகு மாமா கடிகாரத்துக்குக் கீழே இருந்த தோல் பையைப் பார்த்தார்.

"ஏழு வாரமா! அத்தான், வேற அத்தாட்சியே வேண்டாம். சாட்சாத் உங்க தாத்தாதான்!"

அப்பா சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் வந்தது. "வரதுக்குக் கிளம்பிட்டாருடா மாப்ளே," என்றார். "பெட்டியெல்லாம் கட்டிட்டாரு."

"ஆமா அத்தான்." மாமா தலையைச் சொறிந்தார். "நான் வேற வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டு... விடுங்க. இனிமே அந்தப் பேச்சு என் வாய்ல வராது."

கடைசித் தாள் ஓர் உறையின் நகல். சாவுச் செய்தியைப் பட்டறைக்காரர்கள் அனுப்பத்தான் செய்திருக்கிறார்கள். என்னைத் திரு என்று அப்பா பெயரில் கூப்பிட்டதைப் போலவே, கொள்ளுத்தாத்தாவின் மனைவியைத் திருமதி என்று அவளுடைய மாமனார் பெயரில் எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயர் உள்ளவரின் மனைவி என்றால் அவளுடைய மாமியார்தான். உறையின் மேல் எங்கள் ஊர்த் தபால்காரர் பென்சிலில் தமிழில் எழுதியிருந்தார்: 'இந்த அம்மாள் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. திருப்பப்படுகிறது.' அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

காப்பகத்துப் பெண்மணி கூடவே ஒரு சிறு குறிப்பு வைத்திருந்தார். 'உறையில் இருக்கும் எழுத்து எந்த மொழி என்றுகூட எங்களுக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னால் மகிழ்வேன்.'

"அதுக்கு நான் பதில் போடறேன்," என்றார் அப்பா. "என் பேருக்குத்தானே வந்திருக்கு?"

கடிதம் எண் ஐந்தை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தபால்காரர் எழுதியது என்ன, உண்மையில் அது யாருக்குப் போயிருக்க வேண்டும், அந்த வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் எல்லாம் அதில் வந்தது. கடைசியில், தாங்கள் அனுமதித்தால் ஜூலை மாதம் நேரில் வந்து அந்தக் கோப்பைப் பார்க்க விருப்பம் என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நேராகப் போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

அடுத்த வாரம் பாஸ்போர்ட் படிவம் நிரப்ப மாமா கடையில் உட்கார்ந்தோம். மாமா தட்டச்சு செய்தார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வந்து விரல் நின்றது.

"இதுல என்ன போட அத்தான்? காலியா விட்டா அங்க போய்த் தொல்லை."

"எங்க அப்பா பேரைப் போடு."

"அப்புறம் அந்த ஊர்ல எல்லாரும் உங்களை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இப்பவே சொல்லிட்டேன்."

"கூப்பிடட்டும். மூணு வயசுல விட்டுட்டுப் போனவரு, அட்டையில அந்தப் பேரை எழுதி வச்சிருக்காரு. ஒரு தடவை அங்க யாராவது சத்தமாக் கூப்பிட்டா என்ன? நான் திரும்பிப் பார்க்கறேன்."

மாமா எழுத்து எழுத்தாகத் தட்டினார். அப்பா பக்கத்தில் நின்று சரிபார்த்தார்.

பயணத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. மாமா கொடுத்த பெரிய பெட்டி, கட்டிப் பூட்டி, கடிகாரத்துக்குக் கீழே இருக்கிறது. தாத்தாவை நான்கு வார வித்தியாசத்தில் முந்திவிட்டதாக அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று காலையில் நானே இரண்டு முறை அதில் தடுக்கி விழுந்தேன்.