நாங்கள் நிற்கிற இடம்

சந்திரவதனா ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினாள். பின்னால் கொழுவியிருந்த, கட்டிலும் அடுப்பும் வைத்து வீடுபோலக் கட்டிய ட்ரெயிலர் இடப்பக்கம் போனது. இடப்பக்கம் வெட்டினாள். அது வலப்பக்கம் வளைந்து போய் இலுப்பை மரத்தை முட்டப் பார்த்தது. மாத்தளையில் இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவள். பின்னுக்கு எடுக்கும்போது எல்லாம் எதிர்ப்பக்கம் என்பது அவளுடைய தலைக்கு விளங்கிவிட்டது, கைக்குத்தான் விளங்கவில்லை. நாலந்தாக் குளக்கரையை ஒட்டிய அந்த வெறுங்காணியில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணவர் ஜெயரட்ணம் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் வாகனம் ஓட்டக்கூடாது. ஐந்தாவது தடவை ட்ரெயிலர் நேராக நின்றபோது அவர் சில்லுக்குக் கல் வைத்தார்.

வியாழக்கிழமை வீட்டை விற்று உறுதிப் பத்திரம் எழுதி முடிப்பதாக இருந்தது. அதற்கு முன் இரண்டு நாள் இந்த ட்ரெயிலரில் இருந்து பார்ப்போம் என்றுதான் வந்திருந்தார்கள்.

வீட்டை விட்டு ட்ரெயிலரில் ஊர் ஊராகப் போய் இருக்கிற யோசனை அவருடையது. வீதித் திணைக்களத்தில் வேலை செய்த காலமெல்லாம் ரோட்டை அளந்தாரே தவிர, அந்த ரோடு போய்ச் சேர்கிற ஊரில் ஒரு நாள் ஆறுதலாக இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் கறையான் தின்னும், வாடகைக்கு விட்டால் மாதாமாதம் ஓடிவர வேண்டும், ஆகவே விற்றுவிடுவதே நல்லது என்றார். அவள் ஆறு மாதம் சம்மதிக்கவில்லை. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வீட்டை விட்டுவிட்டு, இரண்டு வயது மகனைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு மழைக்குள் நடந்தவள் அவள். இன்னொரு வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. கோட்டுத் தாளில் ட்ரெயிலருக்குப் படம் கீறினார். நாவுலயில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அன்ஸாரிடம் அதைக் கொண்டு போகும்போது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவளையும் கூட்டிப் போனார். அவள் படத்தைப் பார்த்தாள். அடுப்பு வைக்கிற தட்டு நான்கு அங்குலம் உயரம் கூடிவிட்டது, கை நோகும், இறக்க வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு அன்ஸார் சந்தேகம் எதுவானாலும் டீச்சருக்குத்தான் போன் எடுத்தான்.

பின்னேரம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஐப்பசி மழை, குளமும் வானமும் ஒன்றாகிவிட்டன. கால் மணித்தியாலத்தில் கட்டிலுக்கு மேலே கூரை மூலையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஜெயரட்ணம் மெத்தையைச் சுருட்டி, சொட்டுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து டொரொண்டோவிலிருந்து மகன் சஞ்சீவன் போன் எடுத்தான். கதவைத் திறந்து தான் வளர்ந்த வீட்டுக்குள் வர முடியாதென்றால், பிறகு எதற்கு ஊருக்கு வருவது என்று கேட்டானாம். போனை வைத்த பிறகு அவருடைய முகம் ஒரு நாளில் வயது போனதுபோல இருந்தது.

"விடுவம், வதனா," என்றார். "வீட்டை விக்க வேண்டாம். பெடியன் சொல்றதும் சரிதானே."

ஆறு மாதத்துக்கு முன் இந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள். இப்போது, ஆசையாகக் கேட்டு வாங்கிய ஒன்றைக் கையிலிருந்து பறிக்கிறார்கள் என்பதுபோலக் கோபம்கூட வந்தது. அது அவளுக்கே புதினமாக இருந்தது.

"அண்டைக்குக் கொக்குவிலில என்னத்தை எடுக்கிறது, என்னத்தை விடுறது எண்டு யோசிக்க அரை மணித்தியாலம்கூடத் தரேல்ல," என்றாள். "இந்த முறை எந்தச் சட்டியைக் கொண்டு வாறது எண்டு மூண்டு நாள் யோசிச்சனான். ஒருத்தரும் கலைக்கேல்ல. எனக்கு அது பிடிச்சிருக்கு. நான் கையெழுத்து வைப்பன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை எடுத்து மகனை அழைத்தாள்.

"நாங்கள் நிக்கிற இடத்துக்கு வா. இல்லாட்டி எயார்போட்டுக்கே வீட்டைக் கொண்டு வாறம்."

அவன், அதற்குள் டொயிலெட் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, உன்னுடைய உயரத்துக்குக் குனிந்துதான் போக வேண்டும் என்றாள். அவன் சிரித்தானா பெருமூச்சு விட்டானா என்று மழைச் சத்தத்தில் தெரியவில்லை. வருகிற ஓகஸ்டில் லீவு கிடைக்குமா பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தான்.

அடுத்த நாள் காலை நாவுலயில் அன்ஸார் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டான். "என் பிழைதான் டீச்சர். மூலையில பசை சரியாப் போடல. இனி ஒரு சொட்டு வந்தா என்னைக் கூப்பிடுங்க, எங்க நின்னாலும் வாறேன்."

வியாழக்கிழமை உறுதி எழுதுகிற நொத்தாரிசின் மேசையில் அவள் முதலில் கையெழுத்து வைத்தாள். ஜெயரட்ணத்தின் பேனா ஒரு நிமிடம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு அவரும் வைத்தார். வெளியே வந்து, ட்ரெயிலரை இழுக்கிற டபிள் கேப் வண்டியில் ஏறியதும் கண்ணைத் துடைத்தார். அவள் பார்க்காதவள்போல கியரை மாற்றினாள்.

மூன்று கிழமை கழித்து, பல்லேகமப் பக்கம் ஒரு வயல் ஓரத்தில் நின்றார்கள். காணிக்காரி சம்மதம் தந்திருந்தாள், ஆனால் கிட்ட வந்து பார்த்ததில்லை. அன்று காலை தூறல் விழத் தொடங்கியதும், புல்லுக்கட்டோடு போனவள் கதவடியில் தயங்கி நின்றாள். சந்திரவதனா சிங்களத்தில், உள்ளே வாங்கோ, நனையாதீங்கோ என்றாள். அந்தப் பெண் காலைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு ஏறினாள். மூன்று பேர் இருக்க இடம் போதவில்லை. ஜெயரட்ணம் தன்னுடைய தேத்தண்ணியை அவளிடம் கொடுத்துவிட்டுக் குடையோடு இறங்கிப் போனார்.

அந்தப் பெண் கட்டில் ஓரத்தில் பாதியாக உட்கார்ந்து, ஜன்னலைத் தள்ளலாமா என்று கேட்டுத் தள்ளினாள். தேத்தண்ணி கையில் ஆற ஆற, தன்னுடைய வயலையே முதன்முதல் காண்கிறவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வரம்பு வழியே ஒரு கறுப்புக் குடை, அவசரமில்லாமல், வாய்க்கால் திரும்புகிற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.