மொட்டைமாடியில் ராணிக் கலர்

என் வீட்டுக்காரர் தையல்காரர். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். அடர் ரோஸான ராணிக் கலரும் அந்தக் கணக்கில்தான் சேரும். துணிக்கு ஏற்ற நூலை எடுத்துக் கொடுப்பது நான். கடை ஓடுவது அவர் கையாலும் என் கண்ணாலும். வாடிக்கையாளர் ஒருவருக்கும் இன்றுவரை இது தெரியாது.

அந்தக் கண்ணில்தான் கத்தி வைத்தார்கள். இடது கண் சின்ன வயதிலேயே கைவிட்டுவிட்டது. இருப்பது இந்த வலது ஒன்றே. கட்டை அவிழ்த்து அனுப்பும்போது டாக்டரம்மா, "செவப்பா படர்ற மாதிரி எதாவது தெரிஞ்சா உடனே வந்துடுங்க" என்றார். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

எங்கள் மொட்டைமாடியில் ஒரு டிரம்மில் காகிதப்பூச் செடி உண்டு. பேருக்குத்தான் பூ. இவர் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிச் செல்லம் கொடுத்ததில் அது இலையாகத் தள்ளியதே தவிர, ஒரு நாளும் பூத்ததில்லை. அவரும் என்னோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால், இத்தனை நாள் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"காஞ்சே போயிருக்கும்" என்று புலம்பிக்கொண்டே, வீடு வந்ததும் என் கையையும் பிடித்து மாடி ஏறிக் கதவைத் திறந்தார். நானும் கண்ணைத் திறந்தேன். சுவர் முழுக்கத் தகதகவென்று ராணிக் கலர்! பயத்தில் மறுபடி இறுக்கி மூடிக்கொண்டேன்.

"என்னங்க, போச்சு! கண்ணு போச்சு! எல்லாம் செவப்பா தெரியுது!"

"எங்க?"

"செடி மேல! பூத்திருக்கா, பாத்துச் சொல்லுங்க!"

"எனக்கு எல்லாம் இலையாத்தான் தெரியுது. போயும் போயும் என்கிட்ட கேக்கறியே!"

நான் கேட்ட ஆளைப் பார்! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கிளையை அவர் வளைக்கும் சத்தம் கேட்டது.

"இரு, இரு. இது இலை இல்ல. தொட்டா பேப்பர் மாதிரி இருக்கு. நடுவுல வெள்ளையா, குட்டியா என்னமோ இருக்கு... பூவா அது?"

மெல்லக் கண்ணைத் திறந்தேன். அவர் விரல்களுக்கிடையில் ராணிக் கலரில் மூன்று இதழ்கள். நடுவே, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிதாக, ஒரு வெள்ளைப் பூ. அதன் ஓர மடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஊரே பூ என்று பார்ப்பது அதன் உடுப்பை மட்டும்தானா? அசந்துபோனேன். அவர் தோளுக்குப் பின்னால் செடி முழுக்க, சுவரைத் தாண்டி வானம்வரை, எத்தனை உடுப்பு, எத்தனை வெள்ளை! தண்ணீர் இல்லாமல் காய்ந்ததில்தான் பூத்திருக்கிறது.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுதுங்க."

கல்யாணமான நாளிலிருந்து, அவர் காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.